இருப்பார் என்று நான் சொன்னேன்

கோச் என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது என் தமிழுக்காகத்தான். அப்போது எனக்கு அது விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாக விளங்கியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மொன்றியலில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் இரண்டு மூன்று வருடம் செஜெப் என்ற கல்லூரியில் படிப்பார்கள். அப்படியான ஒரு கல்லூரியின் ஃபுட்போல் அணியில் நான் உதவிப் பயிற்சியாளன். இது காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல. தலைக்கவசம் போட்டு, தோளில் பட்டைகள் கட்டி, முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காக ஆளை ஆள் இடித்து விழுத்தும் ஆட்டம். எதிரணியில் பந்தை எறிபவனைப் பிடித்து விழுத்துவதற்கென்று முன்வரிசையில் நான்கு தடியன்கள் நிற்பார்கள். அந்த நான்கு பேரையும் பழக்குவதுதான் என் பொறுப்பு. பிழைப்பு வேறு. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளன். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். மூன்றரைக்கு மைதானத்தில் நிற்பேன். ஆறு வருடம் அப்படி நின்றேன்.

தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் கோச் என்போம். உதவியாளர்கள் நாங்களும் கோச்மார்தான், ஆனால் வெறுமனே கோச் என்று சொன்னால் அது அவர்தான். ஐம்பது வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த, ஆங்கிலம் பேசுகிற வெள்ளைக்காரர். பிரெஞ்சு தண்ணீர் போலப் பேசுவார். யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு ஆள் போல இருக்கத் தெரிந்தவர். அன்றைக்குப் பியர்பொன்ட்ஸில் அந்த வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் அவர்தான் முதலில்.

எங்கள் அணிக்குக் கேட்டுப் போன அந்த வீட்டுப் பெடியனுக்கு அப்போது பதினேழு முடியப் போகிறது. சோபாவில் இருந்தால் முழங்கால் இரண்டும் முன்னால் உள்ள மேசையில் முட்டும். அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஓடுகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நகரத்துக்குள் இருக்கும் இன்னொரு கல்லூரியும் அவனைக் கேட்டிருந்தது. தாய்க்கு அந்தக் கல்லூரிதான் விருப்பம். படிப்பு அங்கே நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். தாய் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவர். லீவு போட்டு வீட்டில் நின்றார். மீன் ரோல்ஸ் பொரித்துத் தேத்தண்ணீர் வைத்திருந்தார். கோச் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார்.

அரை மணித்தியாலம் அவர் கதைத்தார். நான் தமிழில் சொன்னேன். தாய்க்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும், ஆனாலும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மனுசன் இன்னும் எத்தினை வருசம் இஞ்ச இருப்பார்? இவரை நம்பி விட்டிட்டு, பேந்து வேற ஆரோ வந்து என்ட பிள்ளையைத் தெரியாது எண்டு சொன்னா?"

அதை ஆங்கிலத்தில் கேட்டேன். கோச் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "உங்கள் மகன் எங்களிடம் முடித்துப் போகும் வரை நான் எங்கும் போகமாட்டேன். அவனை நல்ல பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்வேன்."

"பெடியன் முடிச்சுப் போகுமட்டும் தான் இஞ்சதான் இருப்பாராம், அக்கா" என்றேன்.

தாய் சிரிக்கவில்லை. "இருப்பாராம் எண்டு சொல்லாதேங்கோ, தம்பி. இருப்பாரோ?"

நான் கோச்சைப் பார்க்கவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. "இருப்பார், அக்கா. நான் பொறுப்பு" என்றேன்.

நான் பொறுப்பு என்ற இரண்டு சொல்லையும் கோச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. காரில் திரும்பி வரும்போது, கடைசியாக என்ன சொன்னாய் என்று அவர் கேட்டார். சொன்னேன். ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். "அதனால்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன்."

அடுத்த கிழமை பெடியன் எங்கள் கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டான்.

கோச் ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அணிக்கு ஒரு பேச்சுப் பேசுவார். இந்த அறைக்குள் யாரும் யாருக்கும் பொய் சொல்வதில்லை. வேறு கல்லூரிக்கு மாற நினைக்கிறவன் முதலில் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கோபிக்க மாட்டேன், கை குலுக்கி அனுப்புவேன். ஒளித்தால்தான் கோபம்.

பெடியனின் முதல் வருடத்தில் ஒருவன் இதை நம்பினான். பந்து பிடிக்கிற வரிசையில் விளையாடிய ஒல்லியான பிள்ளை. தகப்பனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போகவேண்டி வரலாம், ஆனால் இன்னும் முடிவில்லை என்று கோச்சிடம் நேரே போய்ச் சொன்னான். கோச் கை குலுக்கினார். மறுநாள் பயிற்சிக்கு அவன் வந்தபோது அவனுடைய லொக்கரில் இருந்த சாமான் எல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வாசலில் வைத்திருந்தது. அவனுடைய இடத்தில் வேறொருவனின் பெயர் ஒட்டியிருந்தது. அவன் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நாற்பது பேருக்கு முன்னால் நின்றான்.

"பாதி இங்கே பாதி அங்கே நிற்கிறவன் எனக்குத் தேவையில்லை" என்றார் கோச்.

நாங்கள் உதவிப் பயிற்சியாளர்கள் நான்கு பேர் அங்கே நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பெடியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தேன்.

அந்தக் குடும்பம் கடைசியில் வேறு ஊருக்குப் போகவுமில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு விளையாடவுமில்லை.

இரண்டாவது வருடம் பெடியன் அணியின் ஆகத் திறமான ஆளாக ஆனான். மற்றவர்களுக்கு முன்னால் என்னைக் கோச் என்பான். பயிற்சி முடிந்து பஸ் நிறுத்தம் வரை என் காரில் வரும்போது அண்ணை என்பான். அவனுடைய வீட்டுக்கு அங்கிருந்து இரண்டு பஸ். நான் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறேன், எனக்கு அது எதிர்ப்பக்கம். ஆனாலும் மழை நாட்களில் கொண்டுபோய் விடுவேன். காரில் அவன் அதிகம் கதைக்க மாட்டான். ஏதாவது கேட்டால் நேரே கேட்பான்.

சீசன் முடிய மூன்று கிழமை இருக்கும்போது கோச் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேறு மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்திருந்தது. கையெழுத்தும் ஆகிவிட்டது. முன்வரிசைக்கு ஒரு முழுநேரப் பயிற்சியாளர் வேண்டும். அது நான்.

"இனி களஞ்சியத்தில் பெட்டி எண்ணத் தேவையில்லை" என்றார்.

உடனே சரி என்றேன். சந்தோஷத்தில். அதை மறைக்க மாட்டேன்.

"ஒரு விஷயம்" என்றார். "சீசன் முடியும் வரை இது இந்த நான்கு சுவருக்குள் இருக்க வேண்டும். பெடியன்களுக்குத் தெரிந்தால் விளையாட மாட்டார்கள். மற்ற உதவியாளர்களிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு விசுவாசமானவர்கள் யார் என்று இந்த மூன்று கிழமையில் எனக்குத் தெரிந்துவிடும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே கேட்டது அந்த ஊரில் குளிர் எவ்வளவு என்று. சாப்பிடும்போது இரண்டாவது கேள்வி கேட்டாள்.

"அந்தப் பெடியனுக்குச் சொல்லீட்டீங்களோ? தாயிட்ட நீங்கள்தானே போய்க் கதைச்சனீங்கள்."

"சீசன் முடியட்டும். பேந்து சொல்லுவம்."

"பேந்து சொன்னா அது சொல்லுறதில்லை, அறிவிக்கிறது" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. உனக்கு ஃபுட்போல் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். அவள் எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினாள்.

அடுத்த கிழமை நடுவில், சரியான மழை. பெடியன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். அவனுடைய வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

"அண்ணை, ஒண்டு கேட்கோணும்."

அத்திலாந்திக் கரைப் பக்கம் ஒரு சிறிய பல்கலைக்கழகம் அவனுக்கு இடம் தருவதாக எழுதியிருந்தது. படிப்பும் அவன் கேட்ட படிப்பு. வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் விளையாட அவனுக்குத் தகுதி இருந்தது. கோச்சிடம் காட்டியிருக்கிறான். கோச் வாசித்துவிட்டு, இது சின்ன இடம், வேண்டாம் என்று எழுது, இன்னும் ஒரு வருடம் நில், இதைவிடப் பெரிய இடம் நான் எடுத்துத் தருவேன் என்றிருக்கிறார்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டான்.

"கோச் யோசிக்காமச் சொல்ல மாட்டார்" என்றேன்.

"அவர் அடுத்த வருசமும் இருப்பார்தானே?"

கண்ணாடியில் வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். தம்பி, அந்த இடத்தை எடு, என்னை ஏன் எண்டு கேளாத. அவ்வளவு போதும். கோச்சைக் காட்டிக்கொடுக்கவும் தேவையில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லையா என்றால், தோன்றியது. தோன்றியும்தான் சொல்லாமல் விட்டேன். இவன் இடத்தை ஏற்றுக்கொண்டால் கோச் காரணம் கேட்பார், இவன் மறைக்கத் தெரியாதவன், மறுநாளே என் பெயர் வரும் என்று கணக்குப் போட்டேன்.

"ஏன் இல்லாம?" என்றேன்.

அது கேள்விதானே, பொய் இல்லையே என்று பிறகு எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அவன் தலையாட்டினான். பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் களஞ்சியத்தில் நிற்கும்போது அவனிடமிருந்து செய்தி வந்தது. 'வேண்டாம் எண்டு எழுதிட்டன் அண்ணை.' நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

கடைசி ஆட்டத்தில் தோற்றோம். பெடியன் கை விரல் இரண்டு பிசகின நிலையிலும் கடைசி நிமிடம் வரை நின்று விளையாடினான்.

திங்கட்கிழமை பின்னேரம் கோச் எல்லோரையும் ஒரு வகுப்பறைக்குக் கூப்பிட்டார். தோல்வியைப் பற்றிப் பேசப்போகிறார் என்று பெடியன்கள் நினைத்து வந்திருந்தார்கள். அவர் புதிய வேலையைப் பற்றிச் சொன்னார். தன் வாழ்க்கையில் எடுத்த ஆகக் கடினமான முடிவு என்றார். கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவருக்கு அழுகையும் உண்மையாகவே வரும்.

பெடியன்கள் அசையாமல் இருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் எங்கள் நான்கு பேரையும் பார்த்துக் கை நீட்டினார்.

"விசுவாசம் என்றால் என்னவென்று தெரிய வேண்டுமா? இவர்களைப் பாருங்கள். மூன்று கிழமையாக இவர்களுக்குத் தெரியும். ஒருவரும் ஒரு சொல் வெளியே விடவில்லை. நீங்கள் கவனம் சிதறாமல் விளையாட வேண்டும் என்பதற்காக."

பாராட்டுகிறாராம்.

பெடியன் மூன்றாவது வரிசையில் இருந்தான். மற்றவர்கள் கோச்சைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. திங்கள், வெள்ளி, அதற்கு முந்திய புதன்.

கூட்டம் கலைந்ததும் நேரே என்னிடம் வந்தான். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். தமிழில் கேட்டான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"காருக்குள்ள கேட்கேக்க தெரியுமோ?"

"தம்பி, நான் சொல்லக்கூடிய நிலையில இருக்கேல்லை. விளங்கிக்கொள்."

"ஓமோ இல்லையோ?"

"ஓம்."

"உனக்குத் தெரியும்" என்றான். நீங்கள் போய் நீ வந்தது எனக்குக் கேட்டது. "தெரிஞ்சுகொண்டு என்ட முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீ. அந்த இடத்தை நான் வேண்டாம் எண்டு எழுதினதுக்கு நீ தம்ஸ்அப் போட்டனீ."

நான் அவன் தோளில் கை வைக்கப் போனேன். அவன் கையைத் தட்டிவிட்டான். தட்டிய வேகத்தில் நான் பின்னால் இருந்த மேசையில் இடித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். பாஷை விளங்காவிட்டாலும் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் விளங்கியது. என்னைக் காப்பாற்ற ஒருவன்கூட நடுவில் வரவில்லை. வந்திருக்கவும் தேவையில்லை.

மறுநாள் பயிற்சி இல்லை. உபகரணங்களை எண்ணி வைப்பதற்காகப் போனேன். தாய் கார் நிறுத்துமிடத்தில் நின்றார். வேலையால் நேரே வந்திருக்கிறார். கார்டெரியின் பெயர் எழுதிய அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. இரண்டு பஸ் மாறி வந்திருப்பார்.

"வணக்கம் அக்கா" என்றேன்.

"அந்த வெள்ளைக்காரன் சொன்னதை நான் அண்டைக்கு நம்பேல்லை" என்றார். குரல் உயரவில்லை. "அவன் நெஞ்சில கை வைச்சா என்ன, தலையில கை வைச்சா என்ன. நான் உங்களைக் கேட்டனான். நீங்கள் தமிழில சொன்னபடியாத்தான் நான் பிள்ளையை இஞ்ச விட்டனான்."

"அக்கா, அண்டைக்கு எனக்கும் தெரியாது."

"அண்டைக்குத் தெரியாததைப் பொறுப்பு எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

நான் கையிலிருந்த சாவிக்கொத்தை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"சரி, அண்டைக்குத் தெரியாது. போன மாசம் தெரியும்தானே. என்ட நம்பர் உங்களிட்ட இருக்கு. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மெசேஜ் போடுறீங்கள். ஒரு வரி போட ஏலாமப் போச்சோ?"

ஒரு கார் வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்த இடம் தேடியது. அவர் ஓரமாக விலகி நின்றார். பிறகு, "உங்களைப் போல ஆக்களாலதான் எங்கட ஆக்கள் எங்கட ஆக்களை நம்புறேல்லை" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கிருந்து நேரே கோச்சின் அறைக்குப் போனேன். அவர் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிறிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு தடவை தொலைபேசி எடுங்கள், உங்கள் சொல் கேட்டுத்தான் அவன் மறுத்தான், இடம் இன்னும் இருக்கலாம் என்றேன்.

"ஏன் எடுக்க வேண்டும்?" என்றார். "அவன் என்னோடு வருகிறான்."

விளங்காமல் நின்றேன்.

"என்னுடைய புதிய அணிக்கு முன்வரிசையில் ஆள் இல்லை. அவனை அந்தச் சின்ன இடத்துக்கு விட்டுவிட்டு நான் என்ன செய்வது? இப்போது கோபமாக இருக்கிறான். இரண்டு நாளில் ஆறிவிடும். நீ போய்த் தாயோடு கதை. உனக்குத்தான் அது நன்றாக வரும்."

அதாவது, அவனை மறுக்கச் சொன்னபோதே இந்த ஆளுக்குத் திட்டம் இருந்திருக்கிறது. நில், நான் இருப்பேன் என்று சொல்லி அவனை வெறுங்கையோடு நிற்க வைத்து, பிறகு தானே போய்க் கை கொடுப்பது. நான் மறைத்தது ஒரு இரகசியம் என்று நினைத்திருந்தேன். நான் மறைத்தது ஒரு பொறி.

"போகிறேன்" என்றேன். போனேன். ஆனால் அவர் சொன்னதைச் சொல்ல அல்ல.

சனிக்கிழமை பகல். முதல் பனி கொட்டியிருந்தது. பெடியன்தான் கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. தாய் அவனுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோச் உன்னைத் தன்னோடு கொண்டுபோகத்தான் அந்த இடத்தை மறுக்கச் சொன்னவர். அதுக்கு உங்களிட்டச் சம்மதம் கேட்கச் சொல்லி என்னை அனுப்பினவர். நான் கேட்க வரவில்லை. போகாதே. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீயே ஃபோன் எடு, நானும் கதைக்கிறேன்.

தாய் கேட்டார்: "இதையும் அந்த மனுசன்தான் சொல்லச் சொன்னதோ?"

"இல்லை அக்கா. சத்தியமா இல்லை."

"அண்டைக்கும் உங்கட முகம் இப்பிடித்தான் இருந்தது" என்றார். உள்ளே போய்விட்டார்.

பெடியன் கதவைப் பிடித்தபடி நின்றான். "நான் செவ்வாய்க்கிழமையே அவைக்கு ஃபோன் எடுத்திட்டன். வேற ஆருக்கோ இடம் குடுத்திட்டினம்" என்றான்.

"வேற இடம் பாப்பம். எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."

"கோச் பொய் சொன்னவன் எண்டு எனக்குத் தெரியும். ஆனா அவனுக்கு நான் வேணும். அதாலதான் பொய் சொன்னவன். அது எனக்கு விளங்குது. உனக்கு என்ன வேணும் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தவில்லை. சாதாரணமாக, கூரியர்காரன் போன பிறகு சாத்துவது போல.

திங்கட்கிழமை கோச்சிடம் போய், நான் வரவில்லை என்றேன். அவர் முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு முகம் மாறியது. தொடக்கத்தில் அணியின் ஆட்டங்களை வீடியோ பிடிக்கிறவனாக நின்ற என்னைத் தான்தான் ஆளாக்கினதாகச் சொன்னார். நன்றி கெட்டவன் என்றார். தன் முதுகுக்குப் பின்னால் அந்த வீட்டுக்குப் போய்க் கதைத்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. பெடியனே சொல்லியிருக்கிறான்.

"விசுவாசம் இல்லாதவனோடு என்னால் வேலை செய்ய முடியாது" என்றார்.

"பெடியன்களும் அதைத்தான் சொல்லுகிறார்கள்" என்றேன். என் வாழ்க்கையில் அவருக்கு நான் சொன்ன ஒரே நேரான வசனம் அதுதான். அதைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. அவர் பெட்டியை ஒட்டுவதற்கு டேப்பைத் தேடத் தொடங்கினார். நான் வெளியே வந்தேன்.

கல்லூரிக்குப் புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் தன் ஆட்களோடு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் பெடியன்கள் என் சொல் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இரண்டு மணிக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. மேலதிக ஷிப்ட் எடுத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டது எனக்கு உதவி என்று இப்போது தெரிகிறது. அப்போது குத்தலாக இருந்தது.

பெடியன் கோச்சோடு போனான். நான்கு வருடம் விளையாடினான். நான் எதிர்பார்த்தது போல ஒன்றும் பிழையாகப் போகவில்லை. நன்றாகவே விளையாடினான், படிப்பையும் முடித்தான். ஒவ்வொரு ஆட்டத்தையும் இணையத்தில் பார்த்து அவனுக்கு இரண்டு வரி எழுதுவேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அவனுக்கு அங்கே கெட்டது நடந்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும் என்று சில நாள் நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தவன்தான் நான். எழுதும்போது மறைக்க ஏன் வேண்டும்?

போன மார்கழியில் புவாண்ட்-கிளேரில் கடைத்தொகுதி ஒன்றில் அவனைக் கண்டேன். கைபேசி திருத்துகிற கடையில் வரிசையில் நின்றான். தாடி விட்டிருந்தான். திரும்பி வந்து பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். விலகிப் போக நினைத்தேன், ஆனால் அவன் கண்டுவிட்டான்.

"எப்பிடி இருக்கிறாய்?" என்றேன்.

"இருக்கிறன்."

"உன்ட மட்ச் எல்லாம் பாத்தனான்."

"தெரியும். நான் மெசேஜ் ஒண்டும் வாசிக்கேல்லை." கடைக்காரப் பெண் இன்னும் ஐந்து நிமிடம் என்று பிரெஞ்சில் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஒண்டு கேட்கோணும் எண்டு கன காலம் நினைச்சனான். அந்த இடத்தை என்னை வேண்டாம் எண்டு எழுத வைச்சு, தன்னோட கொண்டுபோறது உங்கட பிளான் எண்டு கோச் அங்க போன முதல் கிழமையே எனக்குச் சொன்னவர். நீங்கள்தான் யோசனை குடுத்தனீங்களாம். பேந்து வேலை பிடிக்காம மாறி நிண்டனீங்களாம். அது உண்மையோ?"

நான்கு வருடத்துக்கும் மேலாக அவன் இதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"இல்லை" என்றேன். "அது அவற்ற பிளான். எனக்கு அது கடைசியிலதான் தெரியும். தெரிஞ்ச உடன உங்கட வீட்டை வந்தனான்."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாட்டுச் சொல்லும்போது பார்த்துப் பழகிய பார்வையாக இருக்கலாம்.

"அப்பிடியும் இருக்கலாம்" என்றான். "உங்கள் ரெண்டு பேரில ஒராள் பொய் சொல்லுறீங்கள். ஆரெண்டு கண்டுபிடிக்க எனக்கு இப்ப நேரமில்லை."

"அம்மா சுகமோ?"

"அவவைப் பற்றிக் கேளாதேங்கோ."

கடைக்காரப் பெண் அவனுடைய கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைத் திறந்து பார்த்து, மெர்சி சொல்லி, காசைக் கட்டிவிட்டுப் போனான். என்னிடம் போறன் என்று சொல்லவில்லை. நானும் பின்னால் போகவில்லை. போயிருந்தால் அதே வசனத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். உண்மையைச் சொல்கிற ஆளின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குக் காட்டியிருக்க வேண்டிய நாள் மழை பெய்த அந்தப் புதன்கிழமை. அன்றைக்கு நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு அணி தொடங்கினார்கள். மேல்மாடியில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், ஐ.டி. வேலை செய்கிறவர், என்னைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு வந்து கேட்டார்.

"சார், நீங்க பெரிய டீமுக்கெல்லாம் கோச்சா இருந்தீங்களாமே. என் பையன் சேர்றான். வாரத்துக்கு ஒரு நாள் வந்து சொல்லிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. அவர் என் பால்கனியில் இரண்டு நாற்காலி இருப்பதையும், நான் பின்னேரம் முழுக்க அதில் இருப்பதையும் பார்த்தவர்தான். பிறகு மின்தூக்கியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.